கேஸ்ட்ரினை அடக்கப் புறப்பட்டவர்கள்

ஓமெப்ரசோல் பிறந்தது ஒரு தவறான யூகத்திலிருந்து. 1960களின் நடுவில், ஸ்வீடனில் கோத்தன்பர்க் நகரை ஒட்டிய மோல்ன்டால் என்ற ஊரில் ஹெஸ்லெ என்றொரு சிறிய மருந்து நிறுவனம் இருந்தது. தாய் நிறுவனம் அஸ்ட்ரா. அஸ்ட்ராவுக்குப் பெயரும் பணமும் வாங்கித் தந்த சரக்கு லிடோகெய்ன்; பல் பிடுங்கும் முன் ஈறில் ஊசி போட்டு மரத்துப்போகச் செய்கிறார்களே, அந்த மருந்து. ஹெஸ்லெயின் ஆராய்ச்சித் தலைவர் இவான் ஓஸ்ட்ஹோம் அல்சருக்கு ஒரு மருந்து வேண்டும் என்று தீர்மானித்தபோது, கையில் இருந்ததைக் கொண்டே யோசித்தார்கள். இரைப்பையில் கேஸ்ட்ரின் என்ற ஹார்மோனைச் சுரக்கும் செல்களையும் இதேபோல் மரக்கச் செய்துவிட்டால் என்ன? கேஸ்ட்ரின் வராவிட்டால் அமிலம் வராது. அமிலம் வராவிட்டால் புண் ஆறும்.

இருபது ஆண்டு கழித்து அவர்கள் உலகத்துக்குக் கொடுத்த மருந்து அமிலத்தை நிறுத்தத்தான் செய்தது. ஆனால் கேஸ்ட்ரினை அது அடக்கவில்லை, ஏற்றிவிட்டது. அந்த ஏற்றம் இரைப்பையின் உள்சுவரில் இருக்கும் செல்களை என்ன செய்யும் என்ற கேள்வி, மருந்து கடைக்கு வருவதற்கு முன்பே எழுந்து அதன் பிறப்பையே தடுக்கப் பார்த்தது. பான்டோப்ரசோல், ரபெப்ரசோல், எசோமெப்ரசோல் என்று பின்னால் வந்த தம்பிகள் எல்லாருக்கும் அந்தக் கேள்வி பொருந்தும். நம் ஊர் மெடிக்கல் ஷாப்பில் ‘கேஸ் மாத்திரை’ என்று கேட்டால் பெரும்பாலும் இவற்றில் ஒன்றுதான் கைக்கு வருகிறது. ஆகவே இந்த மருந்தின் கதையை அதை விற்றவர்கள் பக்கமிருந்து சொல்லாமல், அந்தச் செல்களின் பக்கமிருந்து சொல்லிப் பார்க்கிறேன்.

கேஸ்ட்ரின்மேல் அன்றைக்கு எல்லோர் கண்ணும் விழுந்ததற்குக் காரணம் உண்டு. 1905இல் ஜான் எட்கின்ஸ் என்ற ஆங்கிலேய உடலியலாளர், இரைப்பை குடலோடு சேரும் கடைவாயில் உள்ள படலத்தை அரைத்தெடுத்த சாற்றை விலங்கின் இரத்தத்தில் செலுத்தினால் அமிலம் சுரக்கிறது என்று காட்டினார். அதில் ஏதோ ஒரு ஹார்மோன் இருக்கிறது என்று அவர் சொன்னதைப் பலர் நம்பவில்லை. எல்லாம் உடம்பில் பரவலாக இருக்கும் ஹிஸ்டமின் என்ற பொருளின் வேலை என்று ஒதுக்கிவிட்டார்கள். 1964இல் லிவர்பூலில் ரோட்ரிக் கிரெகரியும் ஹில்டா ட்ரேசியும் பன்றிகளின் இரைப்பையிலிருந்து கேஸ்ட்ரினைத் தூய்மையாகப் பிரித்துக் காட்டியபின் வாதம் ஓய்ந்தது. எட்கின்ஸ் அதைப் பார்க்க உயிரோடு இல்லை.

அல்சருக்கு அன்று நிலையான வைத்தியம் கத்திதான். இரைப்பையில் ஒரு பகுதியை வெட்டி எடுப்பார்கள். அல்லது மூளையிலிருந்து இறங்கி வந்து அமிலத்தைத் தூண்டும் வேகஸ் நரம்பைத் துண்டிப்பார்கள். தென்னிந்தியாவில் சிறுகுடலின் முனையில் வரும் புண் அந்நாளில் மிகுதி. மேல்வயிற்றில் நெடுக்காக ஒரு தழும்போடு நடமாடிய தாத்தாக்களை நாற்பது ஐம்பது வயதுக்காரர்கள் பார்த்திருப்பார்கள். அந்தத் தழும்பை இல்லாமல் ஆக்கியதில் இந்த மருந்துக்கும் பங்கு உண்டு. அதன் குறைகளைப் பேசும்போது இதை மறந்துவிடக் கூடாது.

எலிகளிடம் ஹெஸ்லெயின் யூகம் பலித்தது. லிடோகெய்னைப் போன்ற பல பொருள்களைச் செய்து பார்த்து, அமிலத்தைக் குறைக்கும் ஒன்றைத் தேர்ந்தெடுத்தார்கள். மனிதருக்குக் கொடுத்தபோது அமிலம் குறையவே இல்லை. ஐந்தாறு ஆண்டு உழைப்பு போயிற்று.

1972இல் திட்டம் மறுபடி தொடங்கியது. ஹெஸ்லெ ஆய்வாளர் ஸ்வென் எரிக் ஷோஸ்ட்ராண்ட் பழைய ஆய்விதழ்களைப் புரட்டியபோது, செர்வியே என்ற பிரெஞ்சு நிறுவனத்தின் ஒரு பொருள் அமிலத்தைக் குறைக்கிறது என்ற செய்தி கிடைத்தது. ஆனால் அது விஷத்தன்மை கொண்டது. கந்தகம் சேர்ந்த ஒரு பகுதிதான் குற்றவாளி என்று ஊகித்து, அதை மாற்றி மாற்றி வேறு மூலக்கூறுகளைக் கட்டினார்கள். 1973இல் ஒன்று நன்றாகவே வேலை செய்தது. பார்த்தால், காசநோய்க்கென்று அதற்கு ஏற்கெனவே ஹங்கேரியில் காப்புரிமை வாங்கியிருந்தார்கள்! அதை விட்டுவிட்டு, அந்தப் பொருளை உடம்பு என்னவாக மாற்றுகிறது என்று தேடினார்கள். உடம்பு செய்து தந்த பொருள் மூலத்தைவிட வலியதாக இருந்தது. டிமோப்ரசோல் என்று பெயர் வைத்தார்கள். ஆண்டு 1974.

டிமோப்ரசோல் அமிலத்தை நிறுத்தியது. கூடவே தைராய்டு சுரப்பி அயோடின் எடுத்துக்கொள்வதையும் தடுத்தது. தைமஸ் சுரப்பியைச் சுருங்க வைத்தது. மூலக்கூறின் இரண்டு ஓரங்களிலும் சிறுசிறு மாற்றங்கள் செய்து, சுரப்பிகளைத் தொடாத பிகோப்ரசோலுக்கு 1976இல் வந்து சேர்ந்தார்கள். அதிலும் தடங்கல். சோதனை நாய்கள் சிலவற்றுக்கு இரத்தக் குழாய்களில் அழற்சி. திட்டம் மூடப்படும் நிலை. கூர்ந்து பார்த்ததில், மருந்தே கொடுக்காத ஒரு நாய்க்கும் அதே அழற்சி இருந்தது. நோய் கண்ட நாய்களின் வம்சத்தைத் தேடிப்போனால் ஃபேபியன் என்ற ஒரே ஆண் நாயில் போய் நின்றது. வேறு வம்சத்து நாய்களிடம் திரும்பச் சோதித்தபோது அழற்சி இல்லை. மருந்து கொடுக்காத அந்த ஒரு நாயையும் விடாமல் பார்த்த கண்களுக்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோம்.

1979இல் ஓமெப்ரசோல் பிறந்தது. நிறுவனத்தின் பதிவேட்டில் அதன் பெயர் ஹெச் 168/68.

இந்தக் காலத்தில் பெரும்பகுதி, தங்கள் மருந்து எதைத் தடுக்கிறது என்று அவர்களுக்கே தெரியாது என்பதைச் சொல்ல வேண்டும். விடை வேறு இடங்களில் உருவாகிக்கொண்டிருந்தது. கலிஃபோர்னியாவில் ஜான் ஃபோர்ட்டேயின் ஆய்வுக்கூடத்தில் 1973இல், தவளை இரைப்பையின் படலத்தில் பொட்டாசியத்தால் தூண்டப்படும் ஒரு நொதியைக் கண்டார்கள். அலபாமாவில் ஜார்ஜ் சாக்ஸ் 1976இல் அந்த நொதி ஒரு பம்ப் என்று காட்டினார்: ஒரு பொட்டாசியம் அயனியை உள்ளே இழுத்து, பதிலுக்கு ஒரு ஹைட்ரஜன் அயனியை வெளியே தள்ளுகிறது. 1977இல் உப்சாலாவில் நடந்த கருத்தரங்கில் சாக்ஸின் பேச்சைக் கேட்ட ஹெஸ்லெக்காரர்களுக்குப் பொறி தட்டியது. எரிக் ஃபெலேனியஸும் மற்றவர்களும் சாக்ஸோடு சேர்ந்து சோதித்தார்கள். தங்கள் பொருள்கள் தடுப்பது இந்த பம்பைத்தான் என்று 1981இல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள்.

இந்த பம்ப் இருக்கும் இடத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். இரைப்பையின் உள்சுவர் வழுவழுப்பான தோல்போலத் தெரிந்தாலும், நுண்ணோக்கியில் அது குழிகளால் ஆனது. ஒவ்வொரு குழியும் ஒரு நீண்ட சுரப்பிக் குழாயில் இறங்குகிறது. குழாயின் கழுத்தில் சளி சுரக்கும் செல்கள், அடியில் பெப்சின் தரும் செல்கள், நடுவில் பருத்து உருண்ட பரைட்டல் செல்கள். ஒரு மனித இரைப்பையில் சுமார் 100 கோடி பரைட்டல் செல்கள் இருக்கின்றன. அமிலம் முழுவதும் இவற்றின் வேலை. செல்லுக்குள் இரத்தத்தைப் போலவே நடுநிலை. அதன் மறுபக்கத்தில் உள்ள நுண்கால்வாயிலோ ஹைட்ரஜன் அயனிகளின் செறிவு பத்து லட்சம் மடங்குக்கும் மேல். உடம்பில் வேறெந்தச் செல்லும் இப்படி ஒரு மேட்டில் எதையும் ஏற்றுவதில்லை. அதற்கான சக்திக்காக இந்தச் செல்லின் பருமனில் மூன்றில் ஒரு பங்கை மைட்டோகாண்ட்ரியாவே நிரப்பியிருக்கிறது.

ஓய்வில் இருக்கும்போது பம்புகள் செல்லுக்குள் சின்னச் சின்னக் குமிழ்களில் மடித்து வைக்கப்பட்டிருக்கும். சாப்பாட்டின் வாசனை, வாயில் ருசி, வயிறு விரிவது என்று செய்தி வர வர, குமிழ்கள் நகர்ந்து போய்க் கால்வாயின் சவ்வோடு கலக்கின்றன. பம்புகள் வேலைக்கு வந்துவிடுகின்றன.

ஓமெப்ரசோலின் அழகு இங்கேதான் இருக்கிறது. விழுங்கும்போது அது மருந்தாகவே இல்லை. இரைப்பையில் நேரடியாக அமிலத்தில் பட்டால் குலைந்துவிடும் என்பதால், அமிலத்தில் கரையாத பூச்சோடு அதைக் குடலுக்கு அனுப்புகிறார்கள். குடல் உறிஞ்சி, இரத்தத்தில் கலந்து, இரத்தத்தின் வழியாகப் பின்பக்கமாக அது பரைட்டல் செல்லுக்கு வருகிறது. மின்னூட்டம் இல்லாத மூலக்கூறு என்பதால் சவ்வுகளைத் தடையில்லாமல் கடக்கிறது. அமிலக் கால்வாய்க்குள் நுழைந்தவுடன் ஒரு ஹைட்ரஜன் அயனி வந்து ஒட்டிக்கொள்கிறது, மின்னூட்டம் ஏறிவிட்டது. இனி வெளியேற வழியில்லை. உள்ளே போக வாய் உண்டு, திரும்ப வாய் இல்லாத மீன்கூட்டைப்போல அந்தக் கால்வாய் மருந்தைச் சேர்த்துக்கொண்டே போகிறது. அங்கேதான் அமிலமே அதை மாற்றி, பம்பின் புரதத்தில் உள்ள கந்தகத்தோடு பிணைய வைக்கிறது. அந்த பம்ப் முடிந்தது. மருந்து இரத்தத்தில் ஒரு மணி நேரத்தில் பாதியாகக் குறைந்துவிடும். ஆனாலும் செல் புதிய பம்புகளைக் கட்டும்வரை, ஒரு நாளுக்கு மேலும், அதன் வேலை நிற்கிறது. வெறும் வயிற்றில், சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு போடச் சொல்வதன் காரணமும் இதுவே. மருந்து வந்து சேரும் நேரத்தில் பம்புகள் குமிழ்களைவிட்டு வெளியே வேலையில் இருக்க வேண்டும். இரவில் நெஞ்செரிந்தபின் எழுந்து போடுவதால் உடனே பயன் கிடைக்காது.

அமிலம் எங்கே இருக்கிறதோ அங்கே மட்டும் விழித்துக்கொள்ளும் மருந்து. இதனால்தான் மற்ற உறுப்புகளுக்கு இது பெரிய தொல்லை தருவதில்லை. அன்று வேதியியலாளர் பெர் லிண்ட்பெர்க், உயிர்வேதியியலாளர் பியோர்ன் வால்மார்க் போன்றவர்கள் இந்தப் படிகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தபோது, இதைவிடத் துல்லியமாக ஒரு மருந்து அமைய முடியாது என்றுதான் தோன்றியிருக்கும்.

பிறகு எலிகள் வந்தன.

எந்த மருந்தையும் மனிதர் நீண்ட காலம் எடுக்கும் முன், எலிகளுக்கு வாழ்நாள் முழுவதும், சுமார் இரண்டு ஆண்டு, கொடுத்துப் பார்ப்பது விதி. மிக அதிக அளவில், ஒரு கிலோ எடைக்கு 140 மில்லிகிராம்வரை கொடுத்தார்கள். மனிதர் முழு உடம்புக்குமாக எடுப்பது நாளொன்றுக்கு 20 மில்லிகிராம். 1984இல் அந்த எலிகளின் இரைப்பைகளைச் சீவிப் பார்த்த நோய்க்குறியியலாளர்கள் சுவரில் கட்டிகளைக் கண்டார்கள். ஆண் எலிகளைவிடப் பெண் எலிகளில் அதிகம். கார்சினாய்டு என்ற வகைக் கட்டி. மனிதர்களிடம் நடந்துகொண்டிருந்த சோதனைகளை நிறுவனம் நிறுத்தியது.

கட்டிகள் பரைட்டல் செல்களில் தோன்றவில்லை. மருந்து தொட்ட செல் பரைட்டல் செல். பெருகியது அதன் பக்கத்து வீட்டுச் செல். இ.சி.எல். செல் என்று அதற்குப் பெயர். சுரப்பிக் குழாயின் அடியில், இரைப்பையின் உட்புறத்தை எட்டிப் பார்க்காமல் சுவருக்குள்ளேயே பதுங்கியிருக்கும் சிறு செல் அது. ஹிஸ்டமினைச் சேர்த்து வைத்து, கேஸ்ட்ரின் வந்து தட்டும்போது வெளியிடும். அந்த ஹிஸ்டமின் பக்கத்திலுள்ள பரைட்டல் செல்லை எழுப்பும். ஸ்வீடனின் தெற்கே லுண்ட் பல்கலைக்கழகத்தில் ரோல்ஃப் ஹோகான்சன் 1960களிலிருந்தே இந்தச் செல்லின் பின்னால் அலைந்தவர். அது அல்சர் மருந்துக்காகச் செய்த ஆராய்ச்சி இல்லை, ஒரு செல்லைப் புரிந்துகொள்ளும் ஆசை மட்டும்தான். 1984இல் ஹெஸ்லெக்கு வேண்டிய அறிவு நாட்டுக்குள்ளேயே தயாராக இருந்தது.

ஹெஸ்லெயின் ஏனார் கார்ல்சனும் லுண்ட் குழுவும் சேர்ந்து போட்ட கணக்கு இதுதான். இரைப்பையின் கடைவாயில் இருக்கும் ஜி செல்கள் அமிலத்தை ருசி பார்த்துக்கொண்டே இருக்கின்றன. அமிலம் போதுமானபோது கேஸ்ட்ரின் சுரப்பதைக் குறைக்கும், குறைந்தால் கூட்டும். ஓமெப்ரசோல் அமிலத்தை முற்றாக நிறுத்திவிட்டால், கேஸ்ட்ரின் இரவும் பகலும் கூடிக்கொண்டே போகும். கேஸ்ட்ரினுக்கு இரண்டு வேலை. ஒன்று, அமிலத்தைத் தூண்டுவது. இன்னொன்று, இரைப்பையின் செல்களை வளரச் சொல்வது. அமிலத்துக்கான வழி அடைபட்டுவிட்டது. வளர்ச்சிக்கான வழி திறந்தே இருக்கிறது. ஆகவே இரண்டு ஆண்டு முழுவதும் இ.சி.எல். செல்கள் பெருகியிருக்கின்றன. கட்டிக்குக் காரணம் மருந்தின் விஷம் இல்லை, அமிலமின்மைக்கு உடம்பு கொடுத்த பதில்.

கணக்கு சரியா என்று எப்படித் தெரியும்? இங்கே செய்த சோதனைகள் எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்தவை. எலியின் இரைப்பையில் கேஸ்ட்ரின் சுரக்கும் கடைவாயை அறுவையால் எடுத்துவிட்டார்கள். பிறகு ஓமெப்ரசோல் கொடுத்தார்கள். அமிலம் நின்றது, கேஸ்ட்ரின் ஏறவில்லை, இ.சி.எல். செல்கள் பெருகவும் இல்லை. மருந்தே காரணமென்றால் இங்கேயும் பெருகியிருக்க வேண்டும். இன்னொரு பக்கம், ஓமெப்ரசோலுக்கு உறவே இல்லாத, ஹிஸ்டமினைத் தடுக்கும் ரானிடிடினை அதிக அளவில் கொடுத்தபோது கேஸ்ட்ரின் ஏறி, அதே செல்கள் பெருகத் தொடங்கின. 1986இல் இவை வெளியாயின. அதற்கு முந்தைய ஆண்டே கிளாக்ஸோ தன்னுடைய லாக்ஸ்டிடின் என்ற மருந்திலும் எலிகளுக்கு இதே கட்டி வந்ததைச் சொல்லியிருந்தது. அது ஹிஸ்டமினை நீண்ட நேரம் தடுக்கும் மருந்து, பம்பைத் தொடுவதே இல்லை. கிளாக்ஸோ அதைக் கைவிட்டது. பிற்பாடு, மருந்தே இல்லாமல் அமிலம் சுரக்கும் பகுதியில் பெரும்பங்கை வெட்டி எடுத்த எலிகளிடமும் இதே கட்டியைக் கண்டார்கள்.

மனிதரில் இயற்கையே நடத்திவைத்த சோதனையும் ஒன்று இருந்தது. பெர்னீஷியஸ் அனீமியா என்ற இரத்தசோகையில் பரைட்டல் செல்கள் அழிந்துபோகின்றன. அந்த நோயாளிகள் அமிலமே இல்லாமல், மிக உயர்ந்த கேஸ்ட்ரினோடு பல பத்தாண்டுகள் வாழ்கிறார்கள். அவர்களிடம் இ.சி.எல். செல்கள் பெருகியிருப்பது பொதுவாகக் காணப்படும். சிலருக்குச் சிறு கார்சினாய்டுகள் வரும். அவை பெரும்பாலும் சாதுவானவை. 20 மில்லிகிராம் ஓமெப்ரசோல் எடுப்பவருக்கு அமிலம் முழுவதும் அற்றுப்போவதில்லை, கேஸ்ட்ரினும் அவ்வளவு உயரம் ஏறுவதில்லை. எலியிலோ இந்தச் செல்கள் இயல்பிலேயே மனிதரைவிட மிகுதி. இந்த வாதங்கள் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்புகளுக்குத் திருப்தி அளித்தன. சோதனைகள் தொடர்ந்தன. 1988இல் ரோமில் நடந்த உலக இரைப்பை-குடல் மருத்துவ மாநாட்டை ஒட்டி ‘லோசெக்’ அறிமுகமாயிற்று. முதல் விற்பனை ஸ்வீடனில். ஹிஸ்டமின் வழியைத் தடுக்கும் சிமெட்டிடின் என்ற அல்சர் மருந்தைத் தந்த ஜேம்ஸ் பிளாக் நோபல் பரிசு பெற்றதும் அதே ஆண்டு. அமெரிக்காவில் 1989இல் அனுமதி கிடைத்தது, பெரும்பாலும் சில வாரச் சிகிச்சைக்கு. அங்கே லோசெக் என்ற பெயரை லேசிக்ஸ் என்ற வேறொரு மருந்தாகப் படித்துக் குழம்பியதால் அடுத்த ஆண்டே ‘பிரைலோசெக்’ என்று மாற்ற வேண்டியிருந்தது. 1990களின் நடுவில் உலகிலேயே அதிகம் விற்ற மருந்து அது.

விற்பனை ஏற ஏற, சில வாரங்கள் என்பது மாதங்களாயிற்று, மாதங்கள் ஆண்டுகளாயின. மனித இரைப்பைகளில் நடப்பதை எண்டோஸ்கோப்பி வழியாகப் பார்க்கத் தொடங்கினார்கள். முதலில் கண்ணில் பட்டது பரைட்டல் செல்லே. பம்புகள் பூட்டப்பட்ட நிலையில், கேஸ்ட்ரினின் தூண்டுதல் மட்டும் ஓயாமல் வந்துகொண்டிருக்க, அந்தச் செல்கள் வீங்கிப் பருத்து, சுரப்பிக் குழாய்க்குள் நாக்கு நீட்டியதுபோல் துருத்துகின்றன. குழாய் விரிகிறது. சில இடங்களில் அது சிறு பையாகி, வெளியே பளபளப்பான ஒரு கொப்புளமாகத் தெரிகிறது. ஃபண்டிக் சுரப்பிப் பாலிப் என்று ரிப்போர்ட்டில் எழுதியிருப்பார்கள். ஆண்டுக்கணக்கில் மாத்திரை எடுப்பவர்களிடம் இது அடிக்கடி காணப்படும். ‘பாலிப்’ என்ற சொல்லைப் பார்த்ததும் புற்றுநோய் என்று நடுங்குகிறவர்கள் உண்டு. இந்த மருந்தால் வரும் இந்த வகை பாலிப் புற்றாக மாறுவது மிக மிக அரிது. மாத்திரையை நிறுத்தினால் பெரும்பாலும் சுருங்கிவிடும்.

கேஸ்ட்ரின் பலருக்கு இரண்டு முதல் நான்கு மடங்கு ஏறுகிறது. சிலருக்கு அதைவிட அதிகம். இ.சி.எல். செல்கள் ஒரு பகுதியினரிடம் வரிசை வரிசையாகவோ சிறு கொத்துகளாகவோ பெருகுகின்றன. எலியில் நடந்ததைப்போல் கட்டியாவது தனித்தனி நோயாளிகளின் அறிக்கை அளவிலேயே இருக்கிறது.

ஹெலிக்கோபாக்டர் பைலோரி என்ற கிருமி இருக்கும் இரைப்பையின் கதை வேறு. பாரி மார்ஷலும் ராபின் வாரனும் பெர்த்தில் 1980களின் தொடக்கத்தில் கண்ட அந்தக் கிருமிதான் பெரும்பாலான அல்சர்களுக்குக் காரணம். ஓமெப்ரசோலோடு இரண்டு ஆன்டிபயாடிக் சேர்த்துக் கொடுத்தால் கிருமி ஒழிந்து, அல்சர் திரும்பி வருவதே அரிதாகிறது. இந்த மருந்து செய்த மிகப் பெரிய நன்மைகளில் இது ஒன்று. ஆனால் கிருமியை விட்டுவைத்து அமிலத்தை மட்டும் ஆண்டுக்கணக்கில் அடக்கினால், கடைவாயில் ஒதுங்கியிருந்த அழற்சி மேலேறிப் பரைட்டல் செல்கள் இருக்கும் பகுதிக்குப் பரவுகிறது. அங்கே சுரப்பிகள் தேய்கின்றன. எர்னஸ்ட் கைபர்ஸும் உடன் உழைத்தவர்களும் இதை 1996இல் வெளியிட்டபின், நீண்ட நாள் மாத்திரை தேவைப்படுவோருக்குக் கிருமிச் சோதனை செய்து ஒழித்துவிடுவது நல்லது என்ற கருத்து வலுப்பெற்றது. பைலோரி பரவலாக இருக்கும் நம் நாட்டில் இதை இன்னும் கண்டிப்பாகக் கேட்டு வாங்க வேண்டும்.

இந்த மருந்துகளும் இரைப்பைப் புற்றும் ஒருங்கே காணப்படுவதாகச் சில மக்கள்தொகை ஆய்வுகள் சொன்னதுண்டு. வயிற்றில் ஏற்கெனவே கோளாறு இருப்பவர்களே மாத்திரை எடுப்பவர்கள் என்பதால், எது காரணம் எது விளைவு என்ற வழக்கு தீரவில்லை. நார்வேயில் டிரோன்ஹைமைச் சேர்ந்த ஹெல்கே வால்டும் பல பத்தாண்டுகளாகச் சொல்லிவந்தார்: கேஸ்ட்ரின் ஏற்றத்தைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள், இளம் வயதில் தொடங்கி நாற்பது ஆண்டு எடுப்பவரைப் பற்றிய அனுபவம் மருத்துவத்துக்கு இல்லை. அவர் சொன்ன எல்லாவற்றையும் துறையினர் ஏற்கவில்லை. ஆனால் 1984இல் சோதனைகளை நிறுத்திவைக்கச் செய்தது இதே கவலைதான் என்பதால், அவர் பேச்சை நான் தள்ளிவிட மாட்டேன்.

செல்களில் நடக்கும் மாற்றத்தை நோயாளி நேரே உணர்வது மாத்திரையை நிறுத்தும்போதுதான். கோபன்ஹேகனில் கிறிஸ்டினா ரைமரும் குழுவினரும் 2009இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். நெஞ்செரிச்சல் என்பதே இல்லாத 120 ஆரோக்கியமானவர்கள். பாதிப் பேருக்கு 12 வாரமும் வெற்று மாத்திரை. மீதிப் பேருக்கு 8 வாரம் எசோமெப்ரசோல், அடுத்த 4 வாரம் அவர்கள் அறியாமலேயே வெற்று மாத்திரை. அந்தக் கடைசி வாரங்களில் முதல் குழுவில் 15 சதவீதம் பேருக்கு அமிலத் தொல்லை இருந்தது. இரண்டாம் குழுவில் 44 சதவீதம் பேருக்கு! நோயே இல்லாதவர்களுக்கு, நோயை அடக்கும் மாத்திரையை நிறுத்தியதால் நோயின் அறிகுறி வந்தது.

செல்களின் பக்கமிருந்து பார்த்தால் இதில் வியப்பில்லை. மாத்திரை நின்ற சில நாளில் புதிய பம்புகள் தயார். கேஸ்ட்ரினோ இன்னும் உயரத்தில் இருக்கிறது. அது தட்டும் இ.சி.எல். செல்கள் முன்பைவிட அதிகமாக, ஹிஸ்டமினை நிறைத்து வைத்துக்கொண்டு காத்திருக்கின்றன. பருத்த பரைட்டல் செல்கள் ஒரே வீச்சில் வேலைக்கு வருகின்றன. ஆக, மாத்திரை தொடங்குவதற்கு முன் சுரந்ததைவிடவும் கூடுதலாக அமிலம் சுரக்கிறது. கேஸ்ட்ரின் சில நாளில் இறங்கிவிடும். பெருகிய செல்கள் அவ்வளவு சீக்கிரம் குறையாது. ஓராண்டுக்கு மேல் மருந்து எடுத்தவர்களை டிரோன்ஹைமில் கவனித்தபோது, இந்த மிகை சுரப்பு 8 வாரத்துக்கு மேலும் நீடித்தது, 26 வாரத்துக்குள் அடங்கிவிட்டது.

நடைமுறையில் என்ன நடக்கிறது? ஒருவர் மூன்று மாதம் மாத்திரை போட்டு நலமாகி நிறுத்துகிறார். ஒரு வாரத்தில் நெஞ்சு எரிகிறது. ‘மாத்திரை இல்லாமல் என்னால் முடியாது போலிருக்கிறது’ என்று மறுபடி தொடங்குகிறார். பழைய நோய்தான் திரும்பியதா, பெருகிய செல்களின் ஆட்டமா என்று பிரித்தறிய யாரும் அவருக்கு அவகாசம் தரவில்லை. இப்படித் தொடங்கிப் பத்தாண்டு கடந்தவர்களில் எத்தனையோ பேருக்கு முதலில் இருந்த காரணம் என்றோ தீர்ந்திருக்கும்.

எல்லோரும் நிறுத்த வேண்டும் என்று இதிலிருந்து முடிவு கட்டிவிடக் கூடாது. இரத்தம் கசிந்த அல்சர் வரலாறு இருந்து ஆஸ்பிரின் எடுப்பவர்கள், உணவுக்குழாய் கடுமையாகப் புண்பட்டவர்கள், உணவுக்குழாயின் உட்படலத்தில் பாரெட் மாற்றம் கண்டவர்கள், கேஸ்ட்ரினைக் கொட்டும் கட்டி உள்ளவர்கள் ஆகியோருக்கு இந்த மாத்திரை உயிர்க்காவல். மருத்துவரைக் கேட்காமல் அவர்கள் அதைத் தொடக் கூடாது. மற்றவர்கள் தங்கள் மருத்துவரிடம் ஏன் இதை எடுக்கிறேன், எதுவரை எடுக்க வேண்டும் என்று கேட்கலாம். நிறுத்தலாம் என்று அவர் சொன்னால், அளவைப் பாதியாக்கி, பிறகு ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்று குறைத்து, எரிச்சல் எழும்போது மட்டும் ஆன்டாசிட் சிரப் குடித்து அந்த வாரங்களைக் கடப்பது பல மருத்துவர்கள் கையாளும் வழி. பல வாரம் ஆன பின்னும் எரிச்சல் தணியவில்லை என்றால், அது பழைய நோயாகவும் இருக்கலாம். எண்டோஸ்கோப்பி செய்து பார்த்து மருந்தை மறுபடி தொடங்கலாம்.